பல்லை நகர்த்தும் தொழில்

க. பொ. த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களிலே நம்மிடம் தவறாது வந்து சேரும் கேள்விகளுள் ஒன்று, "பல் வைத்திய பீடத்துக்குப் புள்ளி எட்டவில்லை, அத்துறையிலே வேறு வழி ஏதும் உண்டா?" என்பது. கேட்பவர் தந்தையாராயின் குரலிலே ஏமாற்றம் தொனிக்கும். தாயாராயின், "பிள்ளைக்குக் கைவேலை நல்ல நேர்த்தி, சேர்" என்று ஒரு வார்த்தை கூடவே வரும். அந்த இரண்டாவது வார்த்தையையே நாம் கூர்ந்து கேட்பதுண்டு. நம்மவரிடையே வைத்தியம் என்றால் வைத்தியர் ஒருவரே. ஏனையோர் எல்லாம் பக்கத்தில் நின்று தட்டு நீட்டுபவர் என்ற எண்ணம் வேரூன்றிக் கிடக்கின்றது. மேல்நாடுகளிலோ அந்த இடைவெளியிற் பல தொழில்கள் முளைத்து, தனித்தனிப் பெயரும் பதிவும் பொறுப்பும் பெற்று நிலைத்துவிட்டன. அவற்றுள் ஒன்றினை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்திலே அத்தொழில் புரிவோரை 'ஓதொடொன்ரிக் தெரப்பிஸ்ட்' என்பர். பற்சீரமைப்புச் சிகிச்சையாளர் என்று நாம் வழங்கலாம். மிதந்த பல்லையும், தெத்துப்பல்லையும், ஒன்றன்மேல் ஒன்றேறிய பல்லையும் கம்பி போட்டு வரிசைக்குக் கொணரும் வேலையிலே, கையாற் செய்யவேண்டிய பகுதியிற் பெரும்பாலானவற்றைச் செய்பவர் இவரே.

தொழிலைப் பற்றிச் சொல்லுமுன், பல் எங்ஙனம் நகர்கின்றது என்பதைச் சொல்லிவிடுதல் நன்று. சுவரிலே அறைந்த ஆணிபோலப் பல் தாடையெலும்பிலே இறுகி நிற்கின்றது என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மை அஃதன்று. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே, ஒரு மில்லிமீற்றரின் காற்பங்கு அளவேயான மெல்லிய நார்ப்படலம் ஒன்றுண்டு. பல் அதிலே ஊஞ்சல் கட்டித் தொங்குவது போலத் தொங்குகின்றது எனலாம். ஒரு புறமிருந்து இலேசாக, இடைவிடாது அழுத்தினால், அழுத்தம் படும் பக்கத்திலே எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் திரண்டு வழிவிடுகின்றன. எதிர்ப்பக்கத்திலே நார்கள் இழுபட, அங்கே எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் புது எலும்பை இட்டு நிரப்புகின்றன. பின்னால் மண் கொட்டி மூடிக்கொண்டே முன்னால் வெட்டிச் செல்லும் கால்வாய் போல, பல் தன் குழியையும் கூடவே எடுத்துக்கொண்டு செல்கின்றது! வேகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். சுவீடன் நாட்டு ஆய்வாளர் கார்ல் சாண்ட்ஸ்டெட் என்பவர் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நாய்களின் பற்களைக் கம்பியால் நகர்த்தி, எலும்பை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கி இவ்வுண்மையை வெளியிட்டார். அவர் கண்ட மற்றொன்றும் உண்டு. மிகையாக அழுத்தினால் இரத்தவோட்டம் தடைப்பட்டு நார்ப்படலம் அவ்விடத்திலே உயிரற்றுப் போகின்றது. பல் விரைவதற்குப் பதிலாக நின்றுவிடுகின்றது. வேரின் நுனி கரைவதும் உண்டு. ஆதலின் இத்தொழிலிலே வலிமைக்கு இடமில்லை, பொறுமைக்கே இடம். ஒரு சிகிச்சை முடிய ஒன்றரை ஆண்டோ இரண்டாண்டோ, சிலருக்கு அதற்கு மேலும், ஆவது இதனாலேதான்.

பல்லை நேராக்கும் ஆசை பழையது. 1728 இல் பிரான்சிய பல் வைத்தியர் பியேர் ஃபோஷார் தம் நூலிலே, வளைந்த உலோகத் தகடொன்றில் துளையிட்டு நூலாற் பற்களைக் கட்டியிழுக்கும் முறையை விவரித்துள்ளார். ஆயினும் இதனைத் தனியொரு துறையாக்கியவர் அமெரிக்கராகிய எட்வேர்ட் ஆங்கிள். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் வகையை மூன்று வகுப்புகளாக அவர் 1899 இல் வகுத்த முறையை இன்றும் பல் வைத்திய மாணவர் மனனம் செய்கின்றனர். 1900 இல் செயின்ட் லூயிஸ் நகரிலே இதற்கெனப் பள்ளியொன்றும் நடத்தினார். அவர் காலத்திலே ஒவ்வொரு பல்லுக்கும் உலோகத்தகட்டாற் பட்டி செய்து, அப்பல்லின் வடிவுக்கு இழைத்துப் பொருத்தவேண்டும். ஒரு வாய்க்குக் கம்பி போடப் பல மணி நேரம் செல்லும். நகைத் தொழிலாளியின் வித்தையும் வைத்தியரின் அறிவும் ஒருவரிடமே கூடியிருந்தாலன்றி அவ்வேலை நடவாது.

இரண்டு கண்டுபிடிப்புகள் இந்நிலையை மாற்றின. 1955 இல் அமெரிக்காவின் மைக்கேல் புவனகோரே என்பவர், பல்லின் மிளிரியைப் பொசுபோரிக் அமிலத்தாற் சிறிது நேரம் அரிக்கவிட்டால், கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் தோன்றிப் பிசின் இறுகப் பற்றுகின்றது என்று காட்டினார். பட்டி அடித்துப் பூட்டிய இடத்திலே இனிச் சிறு 'பிறக்கெற்' ஒன்றை ஒட்டினாற் போதும் என்றாயிற்று. மற்றது, அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்திலே பிறந்த நிக்கல்–தைத்தேனியக் கலப்புலோகம். 1970களிலே அது பற்கம்பியாக வாய்க்குள் வந்தது. எப்படி வளைத்துக் கட்டினாலும் தன் பழைய வடிவுக்கே மீள நினைக்கும் பிடிவாதம் அக்கம்பிக்கு உண்டு. மெல்லிய விசையைப் பல வாரங்களுக்கு அது தானே கொடுத்துக்கொண்டிருக்கும். இதன் பயன் யாது? முன்பு வைத்தியரின் விரல்நுனியில் இருந்த திறமையின் ஒரு பங்கு பொருளுக்குள் இறங்கிவிட்டது. எந்தப் பல் எங்கே போகவேண்டும், எதனைப் பிடுங்கவேண்டும், முகவெலும்பின் வளர்ச்சி எத்திசையில் என்று தீர்மானிப்பது ஒரு வேலை. தீர்மானித்ததைக் கையாற் செய்து முடிப்பது மற்றொரு வேலை. இவ்விரண்டும் பிரியக்கூடும் என்பது தெளிவாயிற்று. பிரிந்த இடத்திலேதான் நாம் பேசும் தொழில் பிறந்தது.

பிறப்பு எளிதாக நடந்ததென்று எண்ணவேண்டா. வைத்தியரல்லாத ஒருவர் நோயாளியின் வாய்க்குள் கைவைப்பதா என்ற கூச்சல் பல் வைத்திய உலகிலே பழங்கூச்சல். 1921 இல் நியூசிலாந்திலே தோமஸ் ஹன்டர் என்பவரின் முயற்சியாற் பாடசாலைப் பல் தாதியர் பயிற்றப்பட்டபோதும் அது எழுந்தது. 1960 இல் லண்டன் நியூ குரொஸ் பகுதியிற் பல் துணைவியருக்குப் பயிற்சிப் பள்ளி திறந்தபோதும் எழுந்தது. அந்த நியூசிலாந்து விதையே, கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950களில் மகரகமைக்கும் வந்து முளைத்து, இன்று நம் பாடசாலைகளிலே பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் சேவையாக நிற்கின்றது. நம் வீட்டுப் பிள்ளைகளிற் பலர் முதன்முதலிற் பல் நாற்காலியில் ஏறியது அவர்களிடமேயன்றோ? இங்கிலாந்திலே பற்சீரமைப்புக்கெனத் தனியான சிகிச்சையாளரைப் பயிற்றும் முதலாவது நெறி லீட்ஸ் நகரிலே 2007 இல் தொடங்கிற்று. பின்னர் வேறு நகரங்களும் தொடர்ந்தன. ஆகவே நாம் பேசுவது தலைமுறை பலவற்றைக் கண்ட தொழிலன்று.

இனி, அதனுட் புகும் வாயில். பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் நேரே சேர முடியாது. பல் தாதியாகவோ, பற்சுகாதாரராகவோ, பற்சிகிச்சையாளராகவோ, பற்கட்டும் தொழில்நுட்பவியலாளராகவோ தகைமை பெற்று, அந்நாட்டுப் பொதுப் பல்வைத்திய மன்றத்திலே பதிவு செய்து, சில காலம் வேலையும் பார்த்திருத்தல் வேண்டும். பெரும்பாலோர் பல் தாதியராயிருந்தே வருகின்றனர். நாற்காலிக்கு அப்பக்கத்திலே பல ஆண்டுகள் நின்று, உறிஞ்சுகுழாயைப் பிடித்து, பசை கலந்து கொடுத்து, கம்பி எடுத்து நீட்டிய கைகளுக்கு ஒருநாள் இப்பக்கம் வரும் வாய்ப்புக் கிடைக்கின்றது. வேறொரு நிபந்தனைதான் கடினமானது. பயிற்றுவதற்கு ஒப்புக்கொள்ளும் பற்சீரமைப்பு நிபுணர் ஒருவரைத் தாமே தேடிக்கொள்ளவேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி அவருடைய சிகிச்சை நிலையத்திலேயே நடைபெறுவது. அவரோ தம் நேரத்தையும் நாற்காலியையும் ஓராண்டுக்குப் பங்கிட்டுக் கொடுக்கவேண்டும். திறமையிருந்தும் இப்படியொருவர் அகப்படாமையால் வாசலிலேயே நிற்போர் உளர். இது தகுதியின் வழக்கன்று, வாய்ப்பின் வழக்கு. நமக்கு இவ்வேற்பாட்டிலே முழுத் திருப்தியில்லை.

பயிற்சி ஏறக்குறைய ஓராண்டு. முதற் சில வாரங்கள் கல்லூரியிலே. பல்லின் உருவம், எலும்பின் வளர்ச்சி, கம்பியின் பௌதிகம், தொற்று நீக்கம் எல்லாம் அங்கே. ஆனால் மாணவர் மனத்திலே நிற்பது மெழுகுத் தாடையே. செயற்கைப் பற்களை மெழுகிலே கோணல்மாணலாக நட்டு வைத்திருப்பர். அவற்றுக்குப் பிறக்கெற் ஒட்டி, கம்பி கட்டி, வெந்நீரிலே அமிழ்த்துவர். மெழுகு இளக இளகக் கம்பி தன் வேலையைச் செய்ய, ஈராண்டிலே நிகழவேண்டியது கண்முன்னே நிகழ்ந்துவிடுகின்றது. ஒரு பிறக்கெற் அரை மில்லிமீற்றர் உயர்ந்து ஒட்டப்பட்டிருந்தால், அந்தப் பல்லும் அவ்வளவுக்கு ஏறியோ இறங்கியோ நிற்பதை அந்த நீரிலேயே பார்த்துவிடலாம். பின்பு நிலையத்துக்குத் திரும்பி, நிபுணரின் நேர்ப்பார்வையிலே உண்மை நோயாளிகள்மீது பழகவேண்டும். செய்ததெல்லாம் குறிப்பேட்டிலே பதிவாகவேண்டும். ஈற்றில் எழுத்துப் பரீட்சை, வாய்மொழிப் பரீட்சை, தாம் பராமரித்த நோயாளிகளைப் பற்றிய விளக்கம். இங்கிலாந்தினதும் எடின்பரோவினதும் அரச சத்திரசிகிச்சைக் கல்லூரிகள் போன்றவை தகைமைப் பத்திரம் வழங்குகின்றன. வைத்தியப் பட்டதாரி ஒருவர் பற்சீரமைப்பு நிபுணராக மேலும் மூன்றாண்டு விசேட பயிற்சி பெறுகின்றார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இருவர் வேலைக்கும் உள்ள தூரம் விளங்கும்.

பிறக்கெற் ஒட்டும் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை நாற்காலியிலே சாய்ந்து கிடக்கின்றது. கன்னங்களை விலக்கும் பிளாஸ்டிக் வளையம் வாயிலே. எண்ணெய்ப்பசை இல்லாத மாக்கற் பொடியாற் பல்லைத் துலக்கிக் கழுவி உலர்த்தவேண்டும். அமிலக் களிம்பைப் பூசிச் சில விநாடிகள் விட்டு, மீண்டும் கழுவி உலர்த்தினால், பளபளத்த பல் சுண்ணாம்பு பூசிய சுவர்போல மங்கி வெளுக்கும். அந்த வெண்மை தெரிந்தாலே மேற்செல்லலாம். இவ்வேளையிலே ஒரு துளி உமிழ்நீர் பட்டால் போயிற்று, திரும்பவும் தொடங்கவேண்டும். பிசின் தடவிய பிறக்கெற்றைச் சாமணத்தாற் பிடித்து, பல்லின் நடுவிலே, அதன் நீளவாக்குக்கு நேராக வைத்து, அழுத்தி, ஓரத்திலே பிதுங்கிய பசையை வழித்துவிட்டு, நீல ஒளியைக் காட்டி இறுக்கவேண்டும். ஒரு பல்லுக்கு இவ்வளவு. ஒரு தாடையிலே பத்துக்கு மேல். பிள்ளைக்கோ வாய் நோகின்றது, தும்மல் வருகின்றது, பயமாயுமிருக்கின்றது. கை அவசரப்படவும் கூடாது, தாமதிக்கவும் கூடாது. பின்பு மெல்லிய உருண்டைக் கம்பியைச் செலுத்தி, சிறிய றப்பர் வளையங்களால் மாட்டிவிட்டால் அன்றைய வேலை முடிவு. எந்த நிற வளையம் என்று தெரிவுசெய்யும் உரிமை பிள்ளைக்கே உரியது. அதைத் தெரிவுசெய்ய ஆகும் நேரம் சிலவேளை கம்பி கட்டும் நேரத்திலும் கூடும் என்பர்!

ஆறு அல்லது எட்டு வாரத்துக்கொருமுறை பிள்ளை திரும்ப வரும். கம்பி மாற்றம், உடைந்த பிறக்கெற்றை மீள ஒட்டுதல், அச்செடுத்தல், படமெடுத்தல், ஈற்றில் எல்லாவற்றையும் கழற்றிப் பசையைச் சுரண்டி, பல் பழைய இடத்துக்கு ஓடாதபடி பின்புறத்திலே நிறுத்துகம்பி ஒட்டுதல் ஆகியன இவர் கையாலேயே நடைபெறும். இவற்றோடு ஓயாத உபதேசமும் உண்டு. பிறக்கெற்றைச் சுற்றித் துலக்காத பிள்ளைக்கு, கம்பி கழற்றும் நாளிலே பல் நேராயிருக்கும். ஆனால் ஒவ்வொரு பல்லிலும் வெண்தழும்பு ஒரு சதுரத்தைச் சுற்றி நிற்கும். மிளிரியின் சுண்ணாம்பு கரைந்த அடையாளம் அது. ஈராண்டுப் பாடுபட்டு அழகைத் தேடி, அந்த அழகைச் சோடாப் போத்தலிலே தொலைப்பதைப் பார்த்துக்கொண்டிருத்தல் இத்தொழிலின் துயரங்களுள் ஒன்று.

இவ்வளவும் செய்கின்றவர் எதைச் செய்யக்கூடாது என்பதிலேதான் இத்தொழிலின் உயிர்நிலை இருக்கின்றது. நோயை நிர்ணயித்தலும் சிகிச்சைத் திட்டம் வகுத்தலும் இவருக்கு உரியனவல்ல. வைத்தியர் எழுதிக் கொடுத்த குறிப்பின்படியே கம்பியைப் போடலாம். அக்கம்பியின் விசையைத் தாமாக மாற்றியமைத்தல் ஆகாது. விறைப்பூசி போடமுடியாது. தலைக்கு வெளியேயிருந்து இழுக்கும் முகவில்லை, வைத்தியர் சரிசெய்து கொடுத்த பின்னரே மாட்டலாம். அத்தகைய விற்கள் கழன்று தெறித்துக் கண்ணைக் காயப்படுத்திய சம்பவங்கள் வைத்திய ஏடுகளிலே பதிவாகியுள்ளன. வைத்தியர் இல்லாத நாளிலே கன்னத்தைக் குத்தும் கம்பியோடு ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால், குத்தும் நுனியை வெட்டி ஆபத்தை நீக்கலாம். அதற்கு மேல் சிகிச்சையை முன்னகர்த்தலாகாது.

கேட்கும்போது இது எளிதுபோலத் தோன்றும். பத்தாண்டு அனுபவமுள்ள ஒருவர், குறிப்பிலே எழுதியுள்ள கம்பியைவிட வேறொன்று பொருந்தும் என்று காண்கின்றார்; ஈறு வீங்கியிருப்பதைக் காண்கின்றார்; ஒரு பல் ஆடவேண்டிய அளவுக்கு மேல் ஆடுவதைக் காண்கின்றார். பார்த்ததைச் சொல்லவேண்டும், சொன்னதைப் பதியவேண்டும், வைத்தியரை அழைக்கவேண்டும். கையை மட்டும் நிறுத்திக்கொள்ளவேண்டும். பிள்ளையை அடிக்கடி காண்பவர் இவர்; தீர்ப்பு மற்றொருவருடையது. வைத்தியர் நல்லவராயின் இது கூட்டுப்பணி. நாற்காலிகளின் தொகையைப் பெருக்கிக்கொண்டு, ஓடியோடிக் கையெழுத்திடுபவராயின், பழி யார்மேல்? சட்டம் தெளிவாகவே சொல்லுகின்றது: பதிவு பெற்ற ஒவ்வொருவரும் தத்தம் செயலுக்குத் தாமே பொறுப்பு. "அவர் சொன்னார், நான் செய்தேன்" என்ற விடை மன்றத்தின் முன்னே செல்லாது. தம் எல்லைக்கு அப்பாற்பட்டதென்று கண்டால் மறுத்தேயாகவேண்டும். சம்பளம் கொடுப்பவரை நோக்கி, "இது என்னால் ஆகாது" என்று சொல்லும் துணிவையும் சேர்த்தே இத்தொழில் கேட்கின்றது. நம் வகுப்பறைகளிலே இத்துணிவைக் கற்பிக்கின்றோமா என்பது வேறு கேள்வி.

வேறு குறைகளும் உள. தாதி நிலையிலும் ஊதியம் கூடும். ஆயினும் இதற்கு மேல் ஏறும் படிகள் சிலவே. வைத்தியராக விரும்பினால் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்குவது போலப் பல்கலைக்கழகத்துக்கே போகவேண்டும். குனிந்து குனிந்து கழுத்தும் முதுகும் நோகும். அந்நாட்டு அரச சுகாதார சேவையிலே பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர்க்குக் கட்டணமின்றிப் பற்சீரமைப்பு உண்டு. ஆயினும் கேட்டவர்க்கெல்லாம் அன்று. 1989 இல் வெளிவந்த தேவைச் சுட்டி ஒன்றின்படி பல்லின் நிலையை ஐந்து தரமாகப் பிரித்து, நாலாம் ஐந்தாம் தரத்தாரையும், மூன்றாம் தரத்திலே தோற்றம் மிகப் பாதிக்கப்பட்டோரையுமே எடுப்பர். மேல் முன்பல் கீழ்ப்பல்லிலிருந்து ஒன்பது மில்லிமீற்றருக்கு மேல் மிதந்திருந்தால் ஐந்தாந் தரம். "உனக்குத் தேவையில்லை" என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லும் முகத்தையும் நாள்தோறும் காணவேண்டியிருக்கும்.

இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரேனும் உடனே கடவுச்சீட்டைத் தேடத் தொடங்குவாராயின், சற்றுப் பொறுக்க. நாம் அறிந்த ஒரு குடும்பத்தார், லண்டனிலே 'பல் படிப்பு' என்று வாக்களித்த முகவர் ஒருவரிடம் காணி ஈடுவைத்த பணத்தைக் கொடுத்தனர். மகள் ஓராண்டு படித்துப் பெற்ற சான்றிதழ் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத தாளாயிற்று. அப்பெண் இன்று கடையொன்றிலே கணக்கெழுதுகின்றாள். ஈடு இன்னும் மீளவில்லை. பொதுப் பல்வைத்திய மன்றத்தின் பதிவேடு எவரும் பார்க்கத் திறந்தே கிடக்கின்றது. எந்தத் தகைமை ஏற்கப்படும் என்பதும் அங்கேயே எழுதப்பட்டுள்ளது. பணம் கொடுக்குமுன் அதனைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மற்றொன்று: வெளிநாட்டிலே பல் வைத்தியப் பட்டம் பெற்றவர், அப்பட்டத்தைக் காட்டிச் சிகிச்சையாளராகவோ தாதியாகவோ அங்கே பதிவுபெற முன்பு ஒரு வழி இருந்தது. 2023 மார்ச்சிலே அது மூடப்பட்டுவிட்டது. பழைய கதையைக் கேட்டுப் புறப்படுவோர் இதனை நினைவில் வைத்தல் நலம். அங்கேயே வாழும் நம்மவரின் பிள்ளைகளுக்கோ, பல் தாதிப் பயிற்சியிலிருந்து தொடங்கும் இவ்வழி செப்பமானது. பல்கலைக்கழகக் கடனும் இல்லை. இங்கேயே இருப்போர் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பயிற்சிக்கான விண்ணப்ப அறிவித்தலை வர்த்தமானியிலே கவனித்து வரலாம்.

"கைவேலை நல்ல நேர்த்தி" என்று சொன்ன தாய்மாருக்கு ஒரு சோதனை சொல்லுவோம். வெள்ளைத் தாளிலே குதிரை லாடம்போன்ற வளைகோடு ஒன்றை வரையுங்கள். நாலைந்து அங்குல நீளமுள்ள மெல்லிய எவர்சில்வர்க் கம்பியைப் பிள்ளையிடம் கொடுத்து, குறடு இல்லாமல், விரலாலேயே அக்கோட்டின்மேல் அச்சொட்டாகப் பொருந்த வளைக்கச் சொல்லுங்கள். பின்பு அதனைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பாருங்கள். இரு நுனிகளும் நடுவும் ஒருங்கே தட்டையாகக் கிடக்கவேண்டும். ஒரு பக்கமும் எழும்பி ஆடக்கூடாது. முதல் நாள் எவருக்கும் வராது. மூன்றாம் நாளும் பிள்ளை தானாகவே கம்பியைத் தேடி எடுத்தால், நம்மிடம் அழைத்து வாருங்கள்.